ஆமைகளின் கேஸ் ஷீட்டை யார் படிப்பது?

2010 பிப்ரவரியில் ஒரு கடலாமை மருத்துவமனை அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டாப்செயில் என்னும் நீண்டு ஒடுங்கிய மணல் தீவில் அப்போது இயங்கிவந்த கேரன் பீஸ்லி கடலாமை மீட்பு, மறுவாழ்வு மையம்தான் அது. அந்தத் தீவில் ஆமைகள் முட்டையிடும் கரையைக் காக்கும் வேலையில் முன்நின்ற கேரன் 1991இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். தன் காப்பீட்டுத் தொகை ஆமைகளுக்கே செலவாக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அந்தப் பணத்தை முதலாக வைத்துத் தாயார் ஜீன் பீஸ்லி 1990களின் பிற்பகுதியில் மருத்துவமனையைத் திறந்தார். தொட்டி கழுவுவது, மீன் நறுக்குவது, புண்ணைத் துடைத்து மருந்து வைப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் தன்னார்வலர்கள்; அறுவை சிகிச்சைக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள். இப்படி ஓர் இடம் கோர்ட்டுப் படி ஏறும் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள். மாநில மீன்வளத் துறையும் கடல் மீன்வள ஆணையமும் அனுமதித்துவரும் செவுள் வலைகளில் ஆமைகள் சிக்கிச் சாகின்றன, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைக் காக்கும் சட்டத்துக்கு இது விரோதம் என்பது மனு. மே மாதத்தில் சமரசம் ஏற்பட்டது. பெரிய கண்ணி வலை போடும் இரவுகள் குறைக்கப்பட்டன, வலையின் நீளத்துக்கு வரம்பு வந்தது, படகுகளில் பார்வையாளர்களை ஏற்றிப் பதிவு செய்ய மாநிலம் ஒப்புக்கொண்டது.

இந்த வழக்கை எடுத்த எடுப்பில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆமை மருத்துவமனை என்றதும் நம் செய்திகளில் வருவது ஒரே படம்தான்: குணமான ஆமை, அதைத் தூக்கிச் செல்லும் நான்கு பேர், கைதட்டும் கூட்டம், அலை. அந்தப் படத்தின்மேல் எனக்கு வெறுப்பு ஏதும் இல்லை. ஆனால் அது மருத்துவமனை செய்யும் வேலையின் சிறிய பாதி. தொட்டிக்கு வந்து சேரும் ஒவ்வோர் ஆமையும் கடலில் எங்கோ நடந்த ஒரு சம்பவத்தின் சாட்சி. எந்த இடம், எந்த வலை, எந்த நேரம், எவ்வளவு ஆழம் என்று அந்த உடம்பில் எழுதியிருப்பதைப் படித்துப் பதிவு செய்து, அந்தப் பதிவை மீன்பிடி விதிகளை எழுதும் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற மருத்துவமனைதான் செலவுக்கு ஏற்ற வேலையைச் செய்கிறது. தமிழ்நாட்டுக் கரையில் ஆமை மறுவாழ்வு பற்றிப் பேச்சு எழுந்திருக்கும் இந்தக் காலத்தில், கட்டடமும் தொட்டியும் எத்தனை என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது அங்கே எழுதப்படும் கேஸ் ஷீட் யாருக்குப் போகும் என்பதைத்தான்.

முதலில் செலவு. ஆமை குளிர் ரத்தப் பிராணி. அதன் இதயமும் மெதுவாக அடிக்கும், புண்ணும் மெதுவாகத்தான் ஆறும். ஓடு என்பது வெறும் கவசம் என்று நினைக்கிறோம். அது முதுகெலும்போடும் விலா எலும்போடும் ஒன்றாக வளர்ந்த உயிருள்ள எலும்பு, வலி தெரியும். நுரையீரல் அந்த ஓட்டுக்கு நேர் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் படகின் விசிறி முதுகில் கிழித்தால் பெரும்பாலும் நுரையீரலும் கிழிகிறது. உள்ளே காற்று தேங்கிவிட்ட ஆமை ஒருபக்கம் சாய்ந்து மிதந்துகொண்டே இருக்கும், முங்கி இரை தேட முடியாது. இப்படிப்பட்ட நோயாளிக்கு மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு வருடங்கள். சில ஆமைகள் கடலுக்குத் திரும்பவே போவதில்லை. நன்னீரும் உப்புநீரும் மாற்றி மாற்றி நிரப்ப வேண்டும், தண்ணீரின் சூடு பார்க்க வேண்டும், குழாய் வழியாக ஊட்ட வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் எந்த அறக்கட்டளையும் தாங்காது. தன்னார்வலர்கள் இல்லாமல் இந்த வைத்தியம் இல்லை என்பதற்கு உணர்ச்சிபூர்வமான காரணம் தேட வேண்டியதில்லை. வரவு செலவுக் கணக்கே போதும்.

அத்தனை பாடுபட்டு வருடத்துக்குச் சில பத்து ஆமைகளைத் திருப்பி அனுப்புவதால் இனத்துக்கு என்ன லாபம் என்று உயிரியலாளர்களே கேட்கிறார்கள். கேள்வியில் பாதி சரி. இனத்தொகையை மருத்துவமனை தூக்கி நிறுத்தாது. ஆனால் மறுபாதியைப் பார்க்க 1987இல் வெளியான ஓர் ஆய்வுக்குப் போக வேண்டும். குரவுஸ், குரவுடர், காஸ்வெல் என்ற மூவர் பெருந்தலை ஆமைகளின் வாழ்நாளைப் பருவம் பருவமாகப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். கரையில் ஒரு முட்டைகூட வீணாகாமல் காத்தாலும் அந்த இனத்தின் சரிவு நிற்காது; ஓரளவு வளர்ந்த ஆமைகளும் தாய் ஆமைகளும் கடலில் சாவது குறைந்தால்தான் கணக்கு திரும்பும் என்பது முடிவு. ஆமைப் பாதுகாப்பென்றால் முட்டைப் பாதுகாப்பு என்றிருந்த உலகத்துக்கு அது பெரிய அடி. நமக்கும் அது பொருந்துகிறது. சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவு இரவாக நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைப் பொறிப்பகத்துக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். வனத்துறையும் பொறிப்பகங்கள் நடத்துகிறது. மதிக்க வேண்டிய உழைப்பு. ஆனால் 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஒதுங்கிய செத்த ஆமைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அவற்றில் பெரும்பாலானவை வளர்ந்த ஆமைகள். முட்டையிலிருந்து அந்த வயதை எட்ட ஓர் ஆமைக்குப் பத்து வருடங்களுக்குமேல் ஆகும். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. செத்து ஒதுங்கிய ஆமைக்கு மருத்துவமனை எதுவும் செய்ய முடியாது. ஆகவே உயிரோடு வந்து சேரும் சிலவற்றைக் கொண்டு, வராமல் போன பலவற்றைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்கிறோம் என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது.

அப்படித் தெரிந்துகொண்டதற்கு ஸ்பெயினின் வலென்சியா நல்ல உதாரணம். இழுவை மடியிலும் செவுள் வலையிலும் மாட்டிய பெருந்தலை ஆமைகளை அங்குள்ள மீனவர்கள் மருத்துவர்களிடம் ஒப்படைத்து வந்தார்கள். ஸ்கேன் செய்து பார்த்தபோது சில ஆமைகளின் ரத்தக் குழாய்களிலும் சிறுநீரகத்திலும் வாயுக் குமிழ்கள். முத்துக் குளிப்பவர்களும் ஸ்கூபா வீரர்களும் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் வருமே, அதே அழுத்தநோய். கடலாமைக்கு அந்த நோய் வராது என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்கள். அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை கொடுத்தபோது ஆமைகள் தேறின. 2014இல் இது வெளியானது. இதன் பொருள் சாதாரணமானதன்று. மடியிலிருந்து எடுத்தபோது ஆமை துடுப்பை அசைத்தது, உயிரோடு கடலில் விட்டோம் என்று ஒரு மீனவர் சொன்னால் அவர் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஆமை சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ செத்திருக்கக்கூடும். வலையில் எத்தனை ஆமை சாகிறது என்ற கணக்குகள் பல இடங்களில் குறைவாகவே மதிப்பிடப்பட்டிருக்க வேண்டும். கடற்கரையில் நின்று ஆயிரம் வருடம் எண்ணினாலும் இது தெரிந்திருக்காது.

எண்ணுவதற்கும் அதன் பங்கு உண்டு. அமெரிக்காவில் கரை ஒதுங்கும் ஆமைகளைப் பதிவு செய்யும் வலையமைப்பு 1980 முதல் இயங்குகிறது. கரையில் நடக்கும் தன்னார்வலர்கள் அதன் கண்கள். தென் கரோலினாவிலும் டெக்சாஸிலும் இறால் பருவம் திறந்ததும் ஒதுங்கும் ஆமைகள் கிடுகிடுவென ஏறுவதும், டெக்சாஸில் பருவம் மூடியதும் இறங்குவதும் அந்தப் பதிவுகளில் தெரிந்தன. தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1990இல் தந்த அறிக்கை இவற்றையும் வைத்து, மனிதர் செய்யும் மற்ற எல்லாம் சேர்ந்து கொல்வதைவிட இறால் மடி அதிக ஆமைகளைக் கொல்கிறது என்றது. பெருந்தலை ஆமை மட்டும் ஆண்டுக்கு 5,000 முதல் 50,000 வரை என மதிப்பிட்டது. மடிக்குள் புகுந்த ஆமை வெளியேற வழிவிடும் ஆமைவிலக்கியைப் பொருத்தும் விதி 1987இல் வந்திருந்தாலும் அதை எதிர்த்தவர்களின் வாதத்தைப் பலவீனமாக்கியது இந்த அறிக்கைதான். டாப்செயில் வழக்கிலும் கதை இதே மாதிரி. வலையில் ஆமைகள் சிக்குவதை 2009இல் கண்டு எழுதியவர்கள் மத்திய மீன்வளத் துறையின் பார்வையாளர்கள். அந்த எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்காட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் மருத்துவமனையிலிருந்து வந்தார். எண் தனியாக இருந்தால் கோப்பில் தூங்கும். பரிதாபம் தனியாக இருந்தால் புகைப்படமாக முடியும்.

நம் கரையில் இந்த இரண்டும் சேரவில்லை. ஆமை வனத்துறையின் பொறுப்பு, மீன்பிடி மீன்வளத் துறையின் பொறுப்பு. ஆமைகள் வரும் பருவத்தில் முட்டையிடும் கரையோரத்தில் 5 கடல் மைலுக்குள் இழுவை மடி போடத் தடை இருக்கிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் மடிகளுக்கு ஏற்ற ஆமைவிலக்கியை எப்போதோ வடிவமைத்துவிட்டது. விதியும் கருவியும் இருந்தும் பதிவு இல்லை: செத்த ஆமையைக் கண்ட இடத்திலேயே குழி தோண்டிப் புதைப்பதுதான் பல காலமாக வழக்கம். உடற்கூராய்வு நடந்தாலும் அதன் விவரம் பொதுவெளிக்கு முழுமையாக வருவது அரிது. நீலாங்கரைப் பக்கம் ட்ரீ ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் அடிபட்ட ஆமைகளைப் பல ஆண்டுகளாகப் பராமரிக்கின்றன. மகாராஷ்டிரத்தின் தஹாணுவில் ஒரு தன்னார்வ அமைப்பு வனத்துறையோடு சேர்ந்து, மழைக்காலத்தில் ஒதுங்கும் ஆமைகளுக்கு மருத்துவ மையம் நடத்துகிறது. வேலை நடக்கிறது, பதிவுகள் ஒரே படிவத்தில், ஒரே இடத்தில், எல்லோரும் பார்க்கும்படி இல்லை என்பதே குறை.

மீனவர்களுக்கு எதிரான வேலை இது என்று உடனே எதிர்ப்பு வரும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தை அவர்கள் ஏற்கெனவே சுமக்கிறார்கள். டீசல் விலை, எல்லைப் பிரச்சினை, இதற்குமேல் ஆமையுமா என்ற ஆத்திரம் நியாயமானது. ஆனால் பதிவு இல்லாத நிலை யாருக்கு நல்லது என்று யோசித்துப் பார்க்கலாம். ஆயிரம் ஆமை ஒதுங்கியபோது விசைப்படகுக்காரர் திருக்கை வலையைக் காட்டினார்கள், நாட்டுப்படகுக்காரர் இழுவை மடியைக் காட்டினார்கள், நகரத்துக்காரர்கள் மீனவர் எல்லோரையும் சேர்த்துத் திட்டினார்கள். வலையின் தழும்பு ஒரு மாதிரி, மடியில் மூச்சடைத்துச் செத்தது வேறு மாதிரி, விசிறி வெட்டு இன்னொரு மாதிரி. கழுத்திலும் துடுப்பிலும் இறுகிய நூலின் கண்ணி அளவே எந்த வலை என்று சொல்லிவிடும். இதெல்லாம் எழுதி வெளியிடப்பட்டால் 5 மைலுக்குள் வராத படகும் ஒரு பைபர் படகில் இரண்டு பேர் போய் வலை விரிக்கும் குடும்பமும் வீண்பழியிலிருந்து தப்பும். ஏற்றுமதிச் சந்தையும் இதைத்தான் கேட்கிறது. ஆமைவிலக்கியைக் காரணம் காட்டி நம் இறாலை அமெரிக்கா தடுத்தபோது இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டு 1998இல் தடை அமலான விதத்துக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கின. அப்படியும் 2019இல் இந்தியக் கடலில் பிடித்த இறாலுக்கு அதே காரணத்தால் அங்கே கதவு மூடியது. வாதத்தில் வென்றுவிட்டுச் சரக்கை விற்க முடியாமல் இருப்பதில் மீனவருக்கு என்ன இருக்கிறது?

இன்னொன்று, ஆமைக்கு முதல் வைத்தியர் மீனவர்தான். மடியில் மயங்கிய ஆமை செத்ததுபோலவே கிடக்கும். அதை வயிறு கீழே இருக்கும்படி படுக்க வைத்து, பின்பக்கத்தை அரை அடியாவது உயர்த்தி, நிழலில், ஈரச் சாக்குப் போட்டு வைத்திருந்தால் நுரையீரலில் புகுந்த தண்ணீர் வடிந்து மூச்சு திரும்பலாம். குறைந்தது 4 மணி நேரம், வேண்டுமானால் 24 மணி நேரம் வரை பொறுத்துப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க விதி. இதைத் தெரிந்தவர் செய்வாரா என்றால் இங்கே ஒரு சிக்கல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பிராணியைப் படகில் ஒரு ராத்திரி வைத்திருந்து, துறைமுகத்தில் அதிகாரி கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்ற பயம் வராமல் இருக்குமா? பேசாமல் கடலில் தள்ளிவிடுவதே பத்திரம் என்றுதான் தோன்றும். காப்பாற்றுவதற்காக வைத்திருந்தவர் மீது வழக்கு வராது என்று வனத்துறை தெளிவான உத்தரவு போட வேண்டும். மகாராஷ்டிரத்தில் வலையை அறுத்து ஆமையை விடுவித்தால் 25,000 ரூபாய் வரை இழப்பீடு தரும் திட்டம் சில ஆண்டுகளாக இருக்கிறது; அதுபோல ஒன்று இங்கும் வேண்டும். மீனவர் ஆமையைக் கொண்டுவந்து கொடுக்கும்போது எந்த இடத்தில், எந்த வலையில் என்று சொல்வதும் அப்போதுதான் நடக்கும். வலென்சியாவில் வாயுக் குமிழைக் கண்டுபிடிக்க முடிந்ததே மீனவர்கள் கையால் ஆமை வந்ததால்தான்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. எனக்கே அதில் சந்தேகம் விட்டபாடில்லை. மருத்துவமனை இருப்பதே ஒரு சாக்காகிவிடாதா? ஆமையை விடும் விழாவுக்கு அமைச்சர் வருவார், பள்ளிக் குழந்தைகள் வருவார்கள், மடி மறுநாளும் போடப்படும். இலங்கையின் தென்மேற்குக் கரையில் கொஸ்கொட பக்கம் சுற்றுலாப் பயணிகளிடம் கட்டணம் வாங்கி நடத்தப்படும் ஆமைப் பொறிப்பகங்கள் சிலவற்றில் குஞ்சுகளையும் ஊனமான ஆமைகளையும் தொட்டியில் வைத்துக் காட்டுவது எத்தனையோ காலமாக விமர்சிக்கப்படுகிறது. ஆமை வெளியே போனால் வருமானமும் போய்விடும் என்ற நிலை வந்தால் வைத்தியத்தின் திசை மாறிவிடும். தன்னார்வம் என்ற சொல் இதற்குக் காப்பாகாது. தொட்டி எண்ணிக்கையையும் பார்வையாளர் எண்ணிக்கையையும் வைத்து ஒரு மையத்தை அளந்தால் அது காட்சிசாலையாகத்தான் முடியும். வந்த ஆமை எத்தனை, எந்தக் காரணத்தால், செத்தவை எத்தனை, திரும்பிப் போனவை எத்தனை, அந்தக் காரணத்தைக் குறைக்க யாருக்கு எப்போது எழுதினார்கள், பதில் வந்ததா என்பவற்றால் அளந்தால் அந்த ஆபத்து பெருமளவு குறையும். சாவுகளை மறைக்காமல் எழுதும் மையத்தையே நான் நம்புவேன்.

பயிற்சி இல்லாதவர்கள் கையில் அரிய உயிரினத்தை விடுவதா என்ற கவலையை அதே கையோடு முடித்துவிடலாம். டாப்செயிலில் அரசு அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் ஆமையைத் தொட முடியாது, கத்தி வைப்பவர் கால்நடை மருத்துவர். நம்மிடம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் சென்னையிலேயே இருக்கிறது. மாணவர்களை முறை வைத்து அனுப்பினால் அவர்களுக்கும் பாடம்.

சாட்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மாலத்தீவைப் பார்க்கலாம். பா அட்டோலில் 2017 முதல் இயங்கும் ஆமை மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளில் அதிகம் பங்குனி ஆமைகள். அங்கே அவை முட்டையிடுவது அபூர்வம், வலை போட்டு மீன் பிடிப்பதும் குறைவு. அந்நாட்டுச் சூரை மீன்பிடி தூண்டிலால் நடப்பது. அறுந்து மிதந்து வந்த வலைகளில் துடுப்பு இழந்து வருகிறவை இந்த ஆமைகள். அந்த வலைகள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கடல்களிலிருந்து வருபவை. நம் கடலிலிருந்தும் வந்திருக்கலாம். அந்த மருத்துவமனைக்காரர்கள் வலையின் நூல், கண்ணி, முடிச்சு, நிறம் எல்லாவற்றையும் குறித்துவைக்கிறார்கள். அந்த முடிச்சு எந்த ஊர் முடிச்சு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஆமைகளுக்கான மறுவாழ்வு மையம் அமைப்பதாக அரசு ஏற்கெனவே அறிவித்திருக்கிறது. கட்டடம் எழும்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வனத்துறையும் மீன்வளத் துறையும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு பக்கப் படிவம் போதும்: இடம், தேதி, ஆமையின் நீளம், ஆணா பெண்ணா, காயத்தின் வகை, வலைத் துண்டு இருந்தால் அதன் கண்ணி அளவு, கொண்டுவந்தவர் விரும்பினால் மட்டும் அவர் பெயர். தன்னார்வலர்கள் நிரப்பட்டும், கால்நடை மருத்துவர் சரிபார்க்கட்டும், மாதம் ஒருமுறை இணையத்தில் ஏறட்டும். மீன்வளத் துறை அதற்கு எழுத்தில் பதில் தர வேண்டும் என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்க வேண்டும். பங்குனி ஆமைகள் நம் கரைக்கு வரத் தொடங்குவது டிசம்பர் கடைசியில்.